கழுத்துக் கோடு

"வெக்கம் கெட்ட மனிசன்! ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டுறதுக்கு என்ட மூஞ்சியா கிடைச்சிச்சு?"

"கத்தாத புள்ள. பின்வளவுல உங்கும்மாக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! எல்லாருக்கும் கேக்கட்டும்!"

கேட்டது. மருதமுனையில் அந்தப் பின்னேர அஸர் தொழுகை நேரம் வேலியோரம் வேலையில்லாமல் நின்றவர்கள் கொஞ்சப் பேரா? ஹிமாயா கத்தியதில் நியாயமும் இருந்தது. அவள் புருசன் நிப்றாஸ், அவள் வீட்டு முன்னறையில் கணினியை வைத்துக்கொண்டு கல்முனைக் கடைகளுக்கு பெனரும் போஸ்டரும் செய்து கொடுக்கிறவன். கூட்டாளி றஊப் பேய்ப்படம் ஒன்று எடுத்துவிட்டான்; போஸ்டருக்குப் பொம்பிளை முகம் வேணும். இந்த ஊரில் எவள் முகம் தருவாள்? சொந்தப் பெண்சாதி தூங்கும்போது எடுத்த படத்தை ஏற்றிவிட்டான். கறுப்புக்குள் முக்காடில்லாத தலை, மூடிய கண், நீளக் கழுத்து.

"பேய்க்கு வேற ஆளே கிடைக்கல்ல போல!"

"ஆர் உன்ன அடையாளம் மட்டுக்கட்டப் போறா? பாதி முகத்த இருட்டாக்கிருவன்."

அழுது முடிந்து கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். "கழுத்துல ஒரு கோடாவது போடுங்க மச்சான். மார்க்கத்துல உருவம் செஞ்ச குத்தம் வேணாம்."

நம் பக்கத்தில் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைப் பார்த்தால் தெரியும். படத்திலுள்ள மனிசரின் கழுத்துக்குக் குறுக்கே பென்சில் கோடு. தலை வேறு, உடம்பு வேறு. உயிரில்லாத படம், குற்றமில்லை. சின்ன வயதில் ஹிமாயா சரித்திரப் புத்தகத்து ராசாக்களில் ஒருவரையும் மிச்சம் விட்டதில்லை.

நிப்றாஸ் மெல்லிய சிவப்பில் ஒரு கோடு இழுத்து றஊப்புக்கு அனுப்பினான். பதில் போனில் குரலாக வந்தது, குசினி அடுப்படிவரை கேட்டது.

"மச்சான், இதுதான்! புகை, பாழ்வீடு எல்லாத்தையும் தூக்கி எறிங்க. மோட்டச் சைக்கிள்ல போறவன் ஒரு பார்வையில பயப்பட ஒரு சாமான் காணும். அந்தக் கோடு மட்டும் போதும். கொஞ்சம் அகலமாக்குங்க."

ஹிமாயா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கடற்காற்றில் கருவாட்டு வாடையும், மழை வரப்போகிற மண் வாடையும், அடுப்பில் கொதிக்கிற மீனாணத்தின் புளி மணமும் கலந்து கிடந்த அந்த அந்தி மம்மல் பொழுதில், முன்னறையில் மௌஸ் டிக், டிக் என்று தட்டுப்படுகிற ஒவ்வொரு தடவையும் கழுத்தில் ஈர மயிரொன்று ஒட்டி இழுபடுவதுபோல் இருந்தது. தடவினாள். மயிர் இல்லை. முக்காட்டு ஊசி குத்தியதாக்கும் என்று கழற்றி வைத்தாள்.

டிக்.

இப்போது எரிந்தது. அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தாள். ஒரு காதடியிலிருந்து மறு காதடிவரை, அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு. இரத்தமில்லை. வாய் மூடியிருப்பதுபோல் மூடியிருந்தது.

முன்னறைக்கு ஓடினாள். "மச்சான், என்ட கழுத்தப் பாருங்க."

நிப்றாஸ் கழுத்தைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். திரும்பவும் கழுத்தைப் பார்த்தான். விளங்கிவிட்டது என்று அவன் முகமே சொன்னது.

"அழிங்க மச்சான். அல்லாவுக்காக அழிங்க."

"ஓம், ஓம். இதுல இரி புள்ள." கதிரையை இழுத்துப் போட்டான். போனை எடுத்து அவள் கழுத்துக்கு மிகக் கிட்டப் பிடித்தான். "அசையாத."

"என்ன செய்யிறீங்க?"

"இந்தச் சிவப்பு எனக்கு வரல்ல. உன்ட சரியா இரிக்கி."

அவள் எழும்பப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு ஒலித்தது. திரையில் கோட்டின் நிறம் மாறியது. அவள் மடியில் சூடாக ஒன்று சொட்டியது.

றஊப்பின் குரல் மறுபடியும். "அப்பிடியே பயமாரிக்கி மச்சான்! இனி ஒண்டுதான். கோட்டுக்கு மேல உள்ள தலையக் கொஞ்சம் பக்கத்துக்கு நகத்துங்க. கொஞ்சந்தான்."

ஹிமாயா கத்தினாள். சத்தம் வாய்க்கு வரவில்லை. கோட்டுக்குள்ளால் காற்றாகப் போனது.

"அனுப்பிட்டு அழிப்பம்," என்றான் நிப்றாஸ், திரும்பிப் பார்க்காமல்.

டிக்.

வாசல் நிலை சாய்ந்தது.

டிக்.

சுவர் நகர்ந்தது. உடம்பு நகரவில்லை. தோள் தெரிந்தது. தன் தோள். பக்கத்திலிருந்து.

படம் வந்தது, போனது. போஸ்டர்தான் பேர் வாங்கியது. றஊப் கட்டாருக்குப் போய்விட்டான். நிப்றாஸ் அக்கரைப்பற்றில் நுஸ்ஹா என்ற டீச்சரைக் கலியாணம் முடித்து, நம் வழமைப்படி பெண் வீட்டுக்கே குடிபோய்விட்டான். அந்தக் கோட்டை அவன் அழித்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

ஹிமாயா மௌத்தாகவில்லை; உயிரோடிருக்கிறாள். அவள் வீட்டில் அவள்தான் இருக்கிறாள். ஐந்து நேரமும் தொழுகிறாள். கடைசியில், தொழுகையை முடிக்கிற ஸலாம் கொடுக்கும்போது இரண்டு கையாலும் தலையைப் பிடித்து வலப்பக்கம் திருப்புகிறாள். பிறகு இடப்பக்கம். சில நாள் கை தவறிவிடும். முகம் முதுகுப் பக்கமாகப் போய் நின்றுவிடும். குரல் வராது; உம்மாவைக் கூப்பிடக் கையைத் தட்டுவாள். உம்மா அடுப்பை அணைத்துவிட்டு வரும்வரை, மடித்த கால்கள் தொழும் திசையான கிப்லாவை நோக்கியிருக்க, கண் இமைக்காமல் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.