மேகம் என்று குறித்த இடம்

சேற்றுவெளியின் நடுவே ஒரே ஒரு கட்டம் சூடாக இருந்தது.

வெப்பப் படத்தில் மற்றதெல்லாம் வெளிர்நீலம். விடியற்காலை மழையில் ஊறிக் குளிர்ந்து கிடந்த மண், இருபத்திரண்டு டிகிரிக்கு மேல் எங்கும் ஏறவில்லை. அந்தக் கட்டம் மட்டும் முப்பத்தேழு. கருவிக் கோளாறாக இருக்கும் என்று அவள் மூலப் படத்தை மறுபடி இறக்கிப் பார்த்தாள். முப்பத்தேழுதான். செயற்கைக்கோளின் கண்ணுக்கு ஒரு கட்டம் என்றால் தரையில் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். யாரோ குப்பை எரித்தால் அது அசையாது. அவ்வளவு நிலமும் காய்ச்சல் இல்லாத ஒரு மனித உடம்பின் சூட்டில் இருக்கிறதென்றால், அடியில் என்ன கிடக்க வேண்டும்?

என்ன கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு கிடக்கிறது. அதன் மருந்தகம் கிடக்கிறது. அங்கே நர்ஸாக இருந்த அக்கா கிடக்கிறாள்.

பதினான்கு மாதங்களுக்கு முன், சுரங்கத்தின் கழிவுச் சேற்றுக் குளம் கரை உடைத்துக்கொண்டு இறங்கியதில் இருநூற்றுப் பதினோரு பேர் போனார்கள். முப்பது பேரைத் தோண்டி எடுத்ததோடு சரி. மீதிப் பேரை மண்ணுக்கே விட்டுக் கை கழுவிவிட்டார்கள்.

அந்தக் கரையை வானத்திலிருந்து கண்காணிப்பதுதான் அவள் வேலை. உடைவதற்கு ஐந்து நாள் முன்பு வந்த படத்தில் கரையின் அடிப்பக்கம் கருத்துத் தெரிந்தது. உள்ளே ஈரம் கசிகிறது. சிவப்பில் வட்டம் போட்டு கண்காணிப்பு மைய இயக்குநரிடம் கொண்டுபோனாள். சுரங்கத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரம் அது. அவர் குரலை உயர்த்தவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மேகம் மறைத்த இடத்தைப் படத்தில் படிக்க முடியாது. அதனால் அந்தக் கட்டங்களை ‘மேகம்’ என்று குறித்து அறிக்கையிலிருந்து தள்ளிவிடுவது வழக்கம். அன்றைக்கு வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை.

“அந்த ஓரத்துல மேகம்னு போட்டுடும்மா. அடுத்த படத்துல பாத்துக்கலாம்.”

போட்டாள். பதினாறு கட்டம், பதினாறு சொடுக்கு. அடுத்த படத்தில் கரையே இல்லை.

இரங்கல் கூட்டத்தில் அவர் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, வாய் கூசாமல் ‘இயற்கையின் சீற்றம்’ என்று பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் விரலும்தானே மாட்டும்? அந்தக் கணக்கு மனதில் ஓடியதற்காகவே அவள் தன்னை மன்னிக்கவில்லை. அன்றைக்கு மலைமேல் ஷிப்ட்டில் இருந்ததால் தப்பித்த அத்தான் வாரம் தவறாமல் போன் செய்வார். கேட்பது ஒரே கேள்வி.

“நீ மேல இருந்து பாக்குறவதானே. ஒண்ணுமே தெரியலையா உனக்கு?”

மேகமாக இருந்தது என்பாள். ஒவ்வொரு வாரமும்.

எட்டு நாள் கழித்து அடுத்த படம் வந்தது. பதினோரு கட்டங்கள். சேற்றுவெளியின் விளிம்பைத் தாண்டி, மலைச்சாலையை ஒட்டியே வரிசையாக இறங்கியிருந்தன. அதற்கடுத்த படத்தில் ஆற்றைக் கடந்துவிட்டன. வந்த வழியெல்லாம் குளிர்ந்து போயிருந்தது. மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, போகும் திசையில் ஒரு கோடு இழுத்தாள். கோடு வயல்களையும் புறவழிச்சாலையையும் தாண்டி நகரத்துக்குள் நுழைந்து, அவள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டடத்தில் வந்து முட்டியது.

பக்கத்து மேசையில் ரேடார் படம் பார்ப்பவர், நிலம் மில்லிமீட்டர் அளவு ஏறி இறங்குவதைக்கூடச் சொல்லிவிடுவார். அவரிடம் அதே இடங்களைப் பார்க்கச் சொன்னாள். போர்வைக்கு அடியில் எதுவோ ஊர்வது மாதிரி, அந்தந்த இடத்தில் தரை எழும்பிப் பின்பு அமுங்கியிருக்கிறது என்றார். மறுநாளிலிருந்து அவர் நீண்ட விடுப்பு.

படங்களை அள்ளிக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் மூன்றையும் நிதானமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மேகம்னு போட்டுடும்மா.”

அவள் படங்களை அவர் பக்கமே தள்ளினாள்.

“போட மாட்டேன் சார். என் அக்கா மேலதான் நீங்க அன்னிக்கு மேகம் போடச் சொன்னீங்க.”

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. பரவாயில்லை, நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

அடுத்த முறை செயற்கைக்கோள் கடக்கும் நாளில் காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தாள். வெளியே பளீரென்ற வெயில், சாலையில் வழக்கமான ஹாரன் சத்தம். ஆனால் மூன்றாம் மாடி முழுக்க ஈரமண்ணும் துருப்பிடித்த இரும்பும் கலந்த ஒரு வாடை, ஏசி காற்றில் ஏறி மேசைக்கு மேசை வந்து மூக்கில் ஒட்டியது. குழாயைத் திறந்தால் தண்ணீர் பழுப்பாக, கொழகொழவென்று வந்தது. செருப்பைக் கழற்றி வைத்த காலடியில், எப்போதும் சில்லென்றிருக்கும் தரை வெதுவெதுப்பாக இருந்தது. பத்தரைக்குச் செயற்கைக்கோள் தலைக்குமேல் போனது. படம் தரைக்கு வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகும். ஒவ்வொருவராகத் தலைவலி என்று கிளம்பிப் போனார்கள். அவள் நகரவில்லை.

படம் வந்தது.

நகரத்தின் நடுவில் ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது. மேகம். ஜன்னல் வழியே பார்த்தாள். துடைத்துவிட்ட வானம். சொன்னபடியே அவர் போட்டிருக்கிறார், படம் வந்த அதே நிமிடத்தில்.

வெள்ளையை நீக்கினாள்.

முப்பத்தேழு. இந்தக் கட்டடம்.

பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து திரைமுன் நிறுத்த வேண்டும். அத்தானுக்கு அவர் வாயாலேயே பதில் சொல்ல வைக்க வேண்டும். அந்த ஆத்திரம்தான் அவளை நடக்க வைத்தது. வராந்தா காலி. ஒவ்வொரு அடிக்கும் தரையின் சூடு கூடியது. சுவருக்குள் ஏதோ மெல்ல உரசிக்கொண்டே கூட வந்தது.

அவர் அறை. தட்டினாள்.

மறுபடி தட்டினாள்.

“சார்.”

உள்ளே மூச்சுச் சத்தம். ஒருவருடையது அல்ல.

கைப்பிடியைத் திருகி, கதவைத் தன் பக்கம் இழுத்தாள்.

அறை இல்லை. சேறுதான் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை, நிலைக்கு நிலை, வெட்டி வைத்த சுவர்போல. ஒரு துளி வெளியே சரியவில்லை. மூச்சு விடும் மார்புபோல ஏறியது. தாழ்ந்தது. ஏறியது.

முக உயரத்தில், சேற்றுக்குள், ஒரு மூக்குக்கண்ணாடி. அதன் பின்னால் இயக்குநரின் கண்கள். உயிரோடு. இமைத்துக்கொண்டு. கெஞ்சிக்கொண்டு.

அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கண் திறந்தது. அதற்குக் கீழே ஒன்று. மேலே இரண்டு. பிறகு சுவர் முழுக்க, ஒன்றன்பின் ஒன்றாக, சேற்றைப் பிதுக்கிக்கொண்டு.

அவை அவரைப் பார்க்கவில்லை.