வாய் திறக்காத வரிசை

காலையிலிருந்தே சோலையம்மாள் பள்ளிக்கூட வாசலையே சுற்றிச் சுற்றி வந்தாள். அன்றைக்குத்தான் பஞ்சாயத்துத் தேர்தல்.

நாட்டை வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம் அது. ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் இருந்த அவள் ஊரில், பெண்பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். ஐந்தாம் வகுப்பில் பையன்கள் மட்டும்தான். அதை மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லித் தேர்தலில் நின்றிருந்தார் சாவித்ரி டீச்சர்.

எதிர்த்து நின்ற முத்திருளனோ, "பொட்டப்புள்ளைக்கு நாலு வகுப்பே அதிகம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

சோலை நாலாம் வகுப்பை முடித்திருந்தாள். டீச்சர் தோற்றால் இனி ஆடு மேய்க்கப் போக வேண்டியதுதான்.

வரி கட்டும் வீட்டுப் பெண்களுக்கும் ஓட்டு உண்டு. பள்ளிக்கூட வாசலில் இருபது பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் உள்ளே போனவள் அழகம்மாள். தேர்தல் அதிகாரி பிச்சுமணி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"புருஷன் பேரு என்னம்மா?"

அழகம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சாமி இப்படிக் கேட்டுப்புட்டீக! அவுக பேர நான் எப்படிச் சொல்லுறது?"

"சொன்னாத்தான் ஓட்டுச்சீட்டு. நீங்க இன்னார்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான்... கம்மாக்கரை வீட்டுக்காரவுக. மொச்சை போட்டிருக்காகல்ல, அவுக!"

"பேரு அம்மா, பேரு!"

அழகம்மாள் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்துவிட்டாள். இரண்டாவது ஆளும் அப்படியே வந்தாள். மூன்றாவது ஆள் அழுதேவிட்டாள்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அந்த ஊரில் நம்பினார்கள். சோலையின் அம்மா ஒச்சாயி அதற்கும் ஒரு படி மேலே. அவள் புருஷன் வெள்ளைத்துரை. அதனால் 'வெள்ளை' என்ற சொல்லே அவள் வாயில் வராது. வெள்ளைப்பூண்டுகூட அவளுக்கு 'வாசப்பூண்டு'தான். வரிசையில் அடுத்து அவள்தான் நின்றாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

சோலைக்குப் பகீரென்றது. ஒரு பெண்கூட ஓட்டுப் போடவில்லை! ஜன்னல் பக்கம் நின்ற முத்திருளனின் ஆள் சிவனாண்டி, மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

சோலை விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"சார், எல்லார் வீட்டுக்காரர் பேரும் எனக்குத் தெரியும். நான் சொல்லுறேன்."

"வேற ஆள் சொன்னா செல்லாது பாப்பா."

"சரி சார். வேத்தாளு வந்து ஓட்டுப் போட்டுறக் கூடாதுன்னுதானே கேக்குறீங்க?"

"ஆமாம்."

"அப்ப நீங்களே நாலு பேர வாசிங்க. மூணு தப்பான பேரு, ஒண்ணு சரியான பேரு. சரியான பேருக்கு மட்டும் அவங்க தலையாட்டட்டும்."

பிச்சுமணி சட்டப் புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். தலையாட்டக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. பட்டியலில் கம்மாக்கரை வீட்டைத் தேடி வைத்துக்கொண்டு, அழகம்மாளை மறுபடியும் கூப்பிட்டார்.

"வீரணன்?"

"அய்யய்யோ, அவரு என் கொழுந்தன்!"

"சுடலை?"

"அவரு செத்து ரெண்டு வருஷமாச்சு சாமி!"

"விருமாண்டி?"

"அடக் கடவுளே, அது எங்க அண்ணே!"

"நல்லகாமன்?"

அழகம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லத் தலையாட்டினாள். சிவனாண்டியின் சிரிப்பு நின்றுபோனது.

அதன்பின் வரிசை மளமளவென்று நகர்ந்தது. ஒச்சாயியும் சரியான பெயருக்குத் தலையாட்டினாள். ஆனால் சீட்டை வாங்கியவள், மேசையில் இருந்த பட்டியலைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.

"அந்தக் காயிதத்துல என்னைய எப்படி எழுதியிருக்கு சாமி?"

"வெள்ளைத்துரை மனைவி."

"அது அவுக பேரு. என் பேரு?"

பிச்சுமணி பட்டியலில் விரலை ஓட்டினார். "உங்க பேரு இல்லையேம்மா. யார் பேரும் இல்லை. எல்லாம் 'இன்னார் மனைவி'தான்."

சோலை திகைத்துப் போனாள். இருபது பேரில் ஒருத்தருக்குக்கூடப் பெயர் இல்லையா!

"ஓட்டு என்னோடது, பேரு மட்டும் அவுகளோடதா?" என்றாள் ஒச்சாயி. அம்மா இவ்வளவு உரக்கப் பேசி சோலை கேட்டதே இல்லை. "பக்கத்துல எழுதுங்க சாமி. ஒச்சாயி."

பிச்சுமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனாவை மையில் தோய்த்து எழுதினார்.

சிறிது நேரத்தில், ஓட்டுப் போட்டுவிட்டுப் போன பெண்களெல்லாம் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள்.

"மறுபடியும் எதுக்கம்மா?" என்று பதறினார் பிச்சுமணி.

"ஓட்டுக்கு இல்ல சாமி, பேரு எழுத!" என்றாள் அழகம்மாள்.

ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தெரு முனை வரை கேட்கும்படி சொன்னாள்.

சாவித்ரி டீச்சர் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். அடுத்த மாதமே சோலை ஐந்தாம் வகுப்பில் சேரப் போனாள். தலைமையாசிரியர் பெரிய பதிவேட்டைத் திறந்தார்.

"அப்பா பேரு?"

"வெள்ளைத்துரை. அம்மா பேரையும் எழுதுங்க சார். ஒச்சாயி."

அவர் பேனா அப்படியே நின்றது. இருபது வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

"அதுக்கு இதுல கட்டமே இல்லையே!"

சோலை மேசையில் கிடந்த அளவுகோலை எடுத்து, அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஒரு கோடு போட்டா கட்டம் வந்துரும் சார்."