பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

அறிவிப்பை முடித்து மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இறக்கிய பிறகும், கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மைக் திறந்திருக்கும்போது மட்டும் எரிய வேண்டிய விளக்கு. அவள் ஃபேடரை ஒருமுறை மேலே தள்ளி மறுபடி இறக்கிப் பார்த்தாள். மாற்றமில்லை. எங்கோ ஒரு வயர் ஒட்டிக்கொண்டிருக்கும், நாளைக்குப் பொறியாளரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஹெட்ஃபோனைக் கழுத்தில் இறக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை வானொலியில் அவளுடைய நேரம். ஏழு வருடமாக நடத்துகிறாள். இடதுபக்கச் சுழல்தட்டில் பழைய ஜாஸ், சோல் என்கிற உருக்கமான பழைய அமெரிக்கப் பாடல்கள் கொண்ட இசைத்தட்டுகள். வலதுபக்கக் கணினியில் சில்லவுட் என்கிற இன்றைய மெதுவான மின்னிசை. அறுபது வருடத்துக்கு முன் யாரோ ஒரு பெண் நெஞ்சு விம்மப் பாடியதை, கரையே இல்லாத தண்ணீர் மாதிரிப் பரவும் ஒரு மின்னிசையின் மேல் மிதக்கவிடுவாள். ஊரில் துணி மடிப்பவர்களும் வாகனம் ஓட்டுபவர்களும் தூக்கம் வராத நோயாளிகளும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதிகம் பேச மாட்டாள். அரை மணிக்கு ஒருமுறை நாலு வார்த்தை, அவ்வளவுதான்.

ஞாயிறு என்பதால் ஐந்தாவது மாடி முழுக்கக் காலி. லிஃப்ட் பக்கத்து விளக்குகளைக்கூடக் காவலாளி அணைத்திருந்தார். ஸ்டுடியோவுக்கும் அடுத்திருந்த கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே இரட்டைக் கண்ணாடிச் சன்னல் ஒன்று. அதன் வழியே பொறியாளரின் காலி நாற்காலியும், அதன் மேல் அவளுடைய கைப்பையும் தெரிந்தன. செல்பேசி அந்தப் பைக்குள். ஒலிபரப்பில் கரகரப்பு வரும் என்பதால் அதை உள்ளே கொண்டுவரக் கூடாது. பஞ்சு வைத்துத் தைத்த சுவர்களும் கால் அழுந்தும் கம்பளமும் வெளி உலகத்தின் சத்தம் அத்தனையையும் குடித்துவிட, பழைய அட்டை உறைகளின் மக்கிய வாடை மட்டும் எப்போதும்போல மூக்கில் நின்றது.

நாலரைக்கு மேசைத் தொலைபேசியின் விளக்கு மினுக்கியது. ஓய்வுபெற்ற நர்ஸம்மா. ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவார், அவருக்குப் பொழுது போக வேண்டும்.

"பாட்டெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நடுநடுவுல நீ பேசுறதுதான் இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கு."

"நான் பேசவே இல்லையேம்மா. வணக்கம் சொன்னதோட சரி."

"என் காது இன்னும் அவ்வளவு மோசமாகல. முதல் பாட்டு முடிஞ்சதும் 'எழுந்துட்டேன்'னு சொன்ன. அடுத்த பாட்டு முடிஞ்சதும் 'செருப்பு மாட்டிக்கிட்டேன்'னு சொன்ன. இப்ப சித்த முன்னாடி 'கீழே இறங்கிட்டேன்'னு. என்னம்மா, பாட்டைப் போட்டு விட்டுட்டுக் கிளம்பிட்டியா?"

நர்ஸம்மா சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். தொலைபேசியை வைத்தாள்.

காற்றில் உண்மையில் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள மேசை ஓரத்தில் சின்ன ரேடியோ ஒன்று உண்டு. அதைப் போட்டாள். சுழல்தட்டில் ஓடிக்கொண்டிருந்த சாக்ஸஃபோன்தான் அதிலும் வந்தது. அவள் காதைக் கிட்டே வைத்துக் காத்திருந்தாள். சாக்ஸஃபோன் கடைசி மூச்சை இழுத்து விட்டது. ஊசி கோட்டில் உரசும் சத்தம். அடுத்த பாட்டு தொடங்க இரண்டு நொடி.

"பாலத்தைத் தாண்டிட்டேன்," என்றது ரேடியோ.

அவளுடைய குரல். ஜலதோஷம் பிடித்தால் மூக்கில் நிற்கும் அந்த மெல்லிய கரகரப்பு உட்பட, அவளுடையதேதான். படியிறங்கி நடந்து வந்தவளைப்போல லேசாக மூச்சு வாங்கியது.

பாலம் தாண்டினால் பெரிய தெரு. பெரிய தெரு தாண்டினால் அவள் வீடு, இரண்டாவது மாடியில். வீட்டில் ஒன்பது வயது மகள் தனியாக இருந்தாள்.

அவள் எழுந்து கதவுக்குப் போனாள். கைப்பிடி எப்போதும்போலக் கீழே இறங்கியது. கதவு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். சுவரோடு சேர்த்துப் பூசியது மாதிரி இருந்தது. நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். அடி விழுந்த சத்தத்தைப் பஞ்சுச் சுவர் விழுங்கிக்கொண்டது. நாற்காலியின் கால்தான் வளைந்தது. அதற்குள் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. நடுவே ரேடியோ சொன்னது:

"பெரிய தெரு."

காவலாளிக்கு உள்ளிணைப்பில் பேசினாள். பட்டாளத்திலிருந்து வந்தவர், எல்லாரும் அவரை மேஜர் என்பார்கள்.

"மேஜர், கதவு மாட்டிக்கிச்சு. கொஞ்சம் மேல வாங்க, சீக்கிரம்."

"யாருங்க பேசுறது?"

"நான்தான், மேல ஸ்டுடியோல இருந்து."

மேஜரின் குரல் தணிந்து வந்தது. "மேடம் கால் மணி நேரத்துக்கு முன்னாடியே இறங்கிப் போயிட்டாங்களே. நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன். கூப்பிட்டுப் பாத்தேன், திரும்பக்கூட இல்ல. மேல யாரும் இல்லைங்க. நீங்க யாரு?"

"மேஜர், ஒரு தடவை வந்து பாருங்க. என் பை இங்க தெரியுது, கண்ணாடி வழியா..."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவை இரண்டு எண்கள். கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். வண்டி ஓட்டும்போது செல்பேசியை அணைத்து வைத்துவிடுவார். அணைத்துத்தான் வைத்திருந்தார். மற்றது, அவசரத்துக்கென்று வீட்டில் வைத்திருந்த பழைய செல்பேசியின் எண். அதை அழுத்தினாள். போலீஸைக் கூப்பிடலாம் என்றும் தோன்றியது. கூப்பிட்டு என்ன சொல்வது? நான் என் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறேன், வந்து என்னைத் தடுங்கள் என்றா?

"அம்மா," என்று மகள் உடனே எடுத்தாள். "நீ எதுக்கு அங்க நிக்கற?"

"எங்கடா குட்டி?"

"கீழ, கேட்டுக்கு வெளிய. சன்னல்ல இருந்து பாத்துட்டுதான் இருக்கேன். கையாட்டினேன், நீ ஆட்டவே இல்ல. உன் கையில போனே இல்லையேம்மா. எப்படிப் பேசுற?"

அவள் தொலைபேசியை வாயோடு ஒட்டிப் பிடித்தாள்.

"குட்டி, அது அம்மா இல்ல. கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கா?"

"போட்டிருக்கேன். அம்மா, அவங்க அசையவே மாட்டேங்கறாங்க. கண்ணு கூட."

சுழல்தட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பழைய சோல் பாட்டு, ஒரு பெண்ணின் குரல், பின்னால் முழு வாத்தியக் கூட்டம். பாட்டு ஓடும்வரை அது நிற்கிறது, மௌனத்தில்தான் நகர்கிறது என்று அவளுக்குப் புரிந்த அதே கணத்தில், பாட்டின் நடுவே வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்றன. பாடுகிறவள் மூச்சை இழுத்துக்கொள்ள விடும் இடைவெளி. ஆயிரம் தடவை கேட்டு ரசித்த இடம்.

"கேட்டைத் திறந்துட்டேன்," என்றது ரேடியோ.

"உள்ள வந்துட்டாங்க," என்றாள் மகள்.

அவள் மேசைக்குப் பாய்ந்தாள். கணினியில் கையில் கிடைத்த முதல் சில்லவுட் இசையை ஓடவிட்டாள். தபேலா இல்லை, டிரம் இல்லை, அறாமல் ஒலிக்கும் ஒரே நீண்ட கார்வை, ஏழு நிமிடம். அதை அந்தப் பாட்டுக்கு அடியில் பாய் விரிப்பதுபோல விரித்தாள். பாட்டு முடிந்தது. கார்வை தாங்கிக்கொண்டது. ரேடியோவில் குரல் வரவில்லை.

"இப்ப?"

"படிக்கட்டுக் கிட்ட நிக்கறாங்க."

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்யத் தொடங்கினாள். ஒரு கார்வை தேயும் முன்பே இன்னொன்று. அதன் மேல் ஒரு ஜாஸ் தட்டு, பியானோ இடைவெளி விட்டு வாசிக்கிற இடங்களை அடியிலிருந்த இசை நிரப்பும்படி. விரல் நுனியால் தட்டின் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தி, விட்டு, ஃபேடரை மயிரிழை மயிரிழையாக ஏற்றி இறக்கினாள். ஏழு வருடத்தில் இவ்வளவு அழகாக அவள் கலந்ததில்லை. இன்னொரு அழைப்பின் விளக்கு மினுக்கியது, நர்ஸம்மாவாக இருக்கும். பாராட்டத்தான் கூப்பிட்டிருப்பார்.

ஒரே ஒருமுறை தப்பு செய்தாள். கேட்கிறவர்கள் யாராவது உதவிக்குப் போகட்டும் என்று, இசையைத் தாழ்த்தி மைக்கைத் திறந்தாள். "இதைக் கேக்கறவங்க தயவுசெஞ்சு..." என்று தொடங்கினாள். ரேடியோவில் அது வரவில்லை. அதில் வந்தது வேறு.

"முதல் மாடி."

இசையை ஏற்றினாள். கண்ணீர் மேசையில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை.

"குட்டி, போனை எடுத்துட்டு பாத்ரூமுக்குள்ள போ. உள்ள தாழ் போட்டுக்க. யார் கூப்பிட்டாலும் திறக்காத. அம்மா கூப்பிட்டாலும்."

"நீ கூப்பிட்டாலுமா?"

"நான் கூப்பிட்டாலும்."

செருப்பில்லாத சின்னக் கால்கள் ஓடும் சத்தம். தாழ் விழும் சத்தம். குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர்.

"அம்மா, எப்ப வருவ?"

"இதோ வந்துடறேன்டா. பாட்டு கேட்டுட்டு இரு."

இசை நிற்காதவரை அது முதல் மாடியிலேயே நிற்கும். கணினியில் பன்னிரண்டாயிரம் பாட்டுகள் இருந்தன. விடிய விடியக் கலப்பாள். நாளைக் காலை எட்டு மணிக்குப் பெருக்க வருகிறவர் வந்து கதவைத் திறக்கும்வரை கலப்பாள். அந்த நினைப்பு முதல்முறையாக ஒரு மூச்சை முழுதாக விடவைத்தது. நிமிர்ந்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐந்து ஐம்பத்தேழு.

ஆறு மணிக்குச் செய்தி. ஆறு மணி ஆனதும் அவளுடைய மேசையைத் துண்டித்துவிட்டு ஒலிபரப்பை நிலையத்தின் கணினி தானே எடுத்துக்கொள்ளும். அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் இருந்தது. செய்திக்கு முன்னால் நேரக்குறி வரும். ஆறு பீப். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நொடி மௌனம்.

மேசைக்கு அடியில் குனிந்து கைக்குச் சிக்கிய வயர்களை இழுத்தாள். உடனே நிறுத்தினாள். எந்த வயர் எது, எதை இழுத்தால் இசை நிற்கும். தெரியவில்லை. கதவை உதைத்தாள். கண்ணாடியை முழங்கையால் இடித்தாள். தோல் கிழிந்தது. மேஜரை அழைக்க வேண்டுமானால் மகளின் இணைப்பை வைக்க வேண்டும். வைக்க மாட்டாள்.

ஐந்து ஐம்பத்தொன்பது.

"குட்டி, காதைப் பொத்திக்க."

"பொத்தினா நீ பேசறது கேக்காதேம்மா."

"கேக்க வேண்டாம். பொத்திக்க."

எல்லா ஃபேடரையும் உச்சிக்குத் தள்ளினாள். அறை அதிர்ந்தது. சாக்ஸஃபோன், கார்வை, பியானோ, யாரோ ஒருத்தியின் விம்மல். ரேடியோவும் அதிர்ந்தது.

பிறகு ரேடியோ மட்டும் அடங்கியது. இனி பயனில்லாத ஃபேடர்களை இறக்கிவிட்டு அவள் தொலைபேசிக்குக் காதைக் கொடுத்தாள்.

பீப்.

தொலைபேசியில், தூரத்தில், படிகளில் காலடி.

பீப்.

காலடி.

பீப்.

வாசல் கதவின் தாழ்ப்பாள். யாரும் தட்டவில்லை. அது தானாக விலகியது.

பீப்.

கூடத்துத் தரையில் ஈரமாக ஏதோ.

பீப்.

கிட்டத்தில் மூச்சு.

ஆறாவது நீளமாக வந்தது. அது முடிந்ததும், ரேடியோவில் அல்ல, தொலைபேசியில், அவளுடைய குரல் மிக மென்மையாகச் சொன்னது:

"குட்டி. அம்மா வந்துட்டேன்டா."

"திறக்காத," என்றாள் அவள். "குட்டி, திறக்காத. குட்டி."

காதைப் பொத்தியிருந்தாளா, கேட்டாளா, தெரியவில்லை. பாத்ரூம் தாழ் விலகியது. செல்பேசியைத் தரையில் வைத்த சத்தம். இணைப்பு அறுபடவில்லை.

ரேடியோவில் ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அவள் தொலைபேசியின் மேல் குனிந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தலையெல்லாம் கலைஞ்சு கிடக்கு," என்றது அவளுடைய குரல். "உக்காரு. வாரி விடறேன்."

"ம்," என்றாள் மகள். தூங்கப் போகிறவள் மாதிரி.

சீப்பு முடிக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, மயிர் நெரியும் சரசரப்போடு, உச்சியிலிருந்து கீழே. பேன் தொல்லைக்காகப் போன வாரம்தான் அவளே மகளின் முடியைக் காதோடு ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள். ஒரு விரல் நீளம்கூட இருக்காது.

சீப்பு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. செய்தி முடிந்து, வானிலை முடிந்து, அடுத்த நிகழ்ச்சியின் இசை தொடங்கியபோதும், அந்த ஒரே வாரல் இன்னும் முடியவில்லை.