துரையின் பெயர் இல்லாத வீடு

நைட் டியூட்டி முடிந்து லிங்கராஜபுரத்து வாடகை வீட்டுக்குள் நுழைந்த குளோரியா, செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைக் காதில் வைத்தபடி நின்றாள். லோன் ஏஜென்ட் கோதண்டராமன் அனுப்பிய குரல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், லோன் ரிஜெக்ட் ஆயிடுச்சு. உங்க ஒருத்தர் பேர்ல போட்டா கெடைக்கும்னு அன்னைக்கே சொன்னேனே... சார் பேர ஏன் சேத்தீங்க? அவர் வீடு பேங்க் ஏலத்துல போனது சிபில் கடன் ரிப்போர்ட்ல அப்படியே நிக்குது!"

இருபது வருடம் நர்ஸ் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை ஒரு சின்ன பிளாட்டுக்கு முன்பணமாகக் கொடுத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் கடன் வராவிட்டால் அதுவும் போய்விடும்.

"யார் சேத்தது?" என்றாள் குளோரியா, போனை இறக்கிக்கொண்டே.

"நான்தான்!" என்றாள் நாத்தனார் ரோஸி, காபி ஆற்றிக்கொண்டே. "ஏஜென்ட் வந்தப்போ நீ டியூட்டில இருந்த. என் தம்பிய உக்கார வெச்சு கையெழுத்துப் போட வெச்சேன். ஆம்பள பேர் இல்லாம வீடு வாங்கினா, சர்ச்சுல நாலு பேர் என்ன பேசுவாங்க? உன் தம்பி கடைக்குப் பணம் குடுத்து ஒரு வீட்ட ஏலத்துல விட்டுட்ட... இப்போ அவன் பேரயும் வெட்டணுமா?"

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் வாயை என்ன செய்வது? ஆறு வருடமாகக் கேட்ட பேச்சுதான். குளோரியாவுக்கு இன்றைக்கும் வலித்தது. துண்டை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போனாள்.

வாசலில் யூனிஃபார்மோடு நின்றிருந்த அவள் கணவன் அப்பாதுரை, எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஓட்ட வேண்டிய கேப் காரின் சாவியை மேசைமேல் வைத்தான். அக்காவுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டவன், இப்போது அவள் எதிரே வந்து நின்றான்.

"அக்கா... அந்தப் பணம் கடைக்குப் போகல. மாமாவோட கிட்னி வைத்தியத்துக்குப் போச்சு."

"பொய்! அதுக்கு என் வீட்டுக்காரருக்கு மைன்ஸ் வேலைய விட்டப்போ வந்த செட்டில்மென்ட் பணம் இருந்துச்சே!"

"அது எப்பவோ தீந்துடுச்சுக்கா. உனக்குத் தெரியக் கூடாதுன்னு சாகறதுக்கு முன்னாடி மாமா சத்தியம் வாங்கிட்டாரு. வீட்ட அடமானம் வைக்கச் சொன்னதே குளோரியாதான். தவணை கட்ட முடியாமப் போனது என்னால..."

ரோஸி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்துபோய், துண்டோடு நின்ற குளோரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு வருஷமா உன்னத் திட்டினேனே... ஒரு நாள்கூட வாயத் தொறக்கலியேடி! ஏன்?"

"சொல்லியிருந்தா, அண்ணன் செத்தப்போ அவர நெனச்சு நீங்க அழுதிருக்க மாட்டீங்க அண்ணி. அவரால எவ்வளவு கடன்னு கணக்குதான் பாத்திருப்பீங்க."

அதற்குமேல் ரோஸியால் தாங்க முடியவில்லை. குளோரியாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். ஆறு வருடமாக அழாத குளோரியாவும் அன்றுதான் அழுதாள்.

பத்து மணிக்கு ரோஸி புடவை மாற்றிக்கொண்டு, குளோரியாவோடு கோதண்டராமனின் ஆபீஸ் படியேறினாள்.

"புதுசா ஒரு ஃபாரம் குடுப்பா. இவ ஒருத்தி பேர் மட்டும் போதும்."

"சார் பேர் வேணாமா?"

"வேணாம். என் தம்பிக்கு இருக்க எடம் குடுக்கிறவ இவதான்."