கேட்டால் அழுத்துங்கள்

"வானம், நட்சத்திரம் எல்லாம் முடிஞ்சு போற எடத்துக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களாம்மா?" என்று சிட்டு ஒருமுறை கேட்டாள், பற்பசை நுரை வாயோரம் வழிய.

"கடவுள் இருக்கார். வாயக் கொப்புளி."

"அவரும் உன்ன மாதிரி கண்ணாடிக்கு அந்தாண்ட உக்காந்திருப்பாரா?"

அம்மா சிரித்துவிட்டாள்.

அவளுக்குக் காது பரிசோதிக்கும் வேலை. மருத்துவமனையின் பின்பக்கத்தில் இரட்டைச் சுவர் வைத்த ஒரு சின்ன அறை. நோயாளி உள்ளே ஹெட்போன் மாட்டி உட்காருவார். கண்ணாடிக்கு வெளியே இவள். இவள் சத்தம் அனுப்புவாள். கேட்டால் அவர் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இவள் மேசையில் பச்சை விளக்கு எரியும். எரிந்தால் சத்தத்தைக் குறைப்பாள். எரியாவிட்டால் கூட்டுவாள். இதற்குப் பொறுமைதான் வேண்டும். அது அவளிடம் நிறைய இருந்தது.

அன்று பச்சை விளக்கு எரிந்தபோது அவள் எந்தச் சத்தத்தையும் அனுப்பியிருக்கவில்லை.

உள்ளே இருந்தவர் லாரிக்காரர். வாழ்நாளெல்லாம் என்ஜின் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்தவர்.

"ஐயா, நான் ஒண்ணும் அனுப்பலையே" என்றாள் மைக்கில்.

"நீங்க அனுப்பலம்மா. வந்துச்சு."

"எங்கேருந்து?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வர்றேன்?" அவர் சிரித்தார். "வீட்டுக்காரி பக்கத்துல நின்னு கத்துனா கேக்கல. இது மட்டும் பல வருஷமா கேக்குது. அதுக்கு வேற சண்டை. இந்த உலகத்துச் சத்தமே இல்லம்மா. இருக்கிற எல்லாத்துக்கும் வெளியில நின்னு யாரோ தட்டிப் பாக்கிற மாதிரி."

வெளியே வந்த பிறகும் அவருடைய வலது கட்டைவிரல், இல்லாத பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.

"அமுத்தாம விட்டா சத்தம் ஏறிடுது. ஒருத்தன் அமுத்திக்கிட்டிருந்தா மத்தவங்களுக்குக் கேக்காது போல. போகட்டும், எனக்கென்ன வேலையா வெட்டியா?" பள்ளி விட்டு வந்து வெளியே பெஞ்சில் படம் வரைந்துகொண்டிருந்த சிட்டுவின் தலையை இடது கையால் தடவிவிட்டுப் போனார்.

வயதான காதில் இரைச்சல் சகஜம் என்று அவள் சீட்டு எழுதியிருந்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் மனைவி போன் செய்தாள். மனிதர் தூக்கத்திலேயே போய்விட்டாராம். "அந்தக் கட்டைவிரல மட்டும் நிமித்தவே முடியலம்மா" என்று அழுதாள்.

அன்று மாலை சோற்றுத் தட்டின் முன் சிட்டுவின் கட்டைவிரல் ஆடியது.

"என்னடி அது?"

"யாரோ சத்தம் குடுக்கிறாங்கம்மா. கேக்குதுன்னு சொல்றேன்."

அதன் பிறகு பிள்ளை தூங்கவில்லை. பென்சில் பிடிக்க முடியவில்லை. விரலுக்குத் துணி சுற்றிக் கட்டியபோது "ஏறுதும்மா, அவுத்துவிடு" என்று காதைப் பொத்திக்கொண்டு துடித்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகிவிட்டது. டாக்டர்கள் குறை எதுவும் இல்லை என்றார்கள். தாய்க்குச் சாமி படத்தின் முன் நின்று கைகூப்புவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆளில்லாத மருத்துவமனைக்கு மகளைக் கூட்டிப்போனாள். தரை துடைத்த பினாயில் வாசமும், அறைச் சுவர்களில் ஒட்டிய பஞ்சு வெயிலில் வெந்த வாசமும் கலந்து தொண்டையில் படிந்தன; தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டுத் தேய்ந்தது; கண்ணாடியில் அவள் முகமும் உள்ளே உட்கார்ந்திருந்த மகள் முகமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. ஹெட்போனின் இணைப்பைப் பிடுங்கி வைத்திருந்தாள்.

விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

அப்போது அவள் தன் தொழிலில் உள்ள எவரும் செய்யக்கூடியதைச் செய்தாள். "கொஞ்ச நேரம் அமுத்தாத, கண்ணு. அம்மா பாக்கணும்."

சிட்டு கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றுமில்லை. மேசைமேலிருந்த தண்ணீர் பாட்டிலில் மெல்லிய ஒரு நீர் வளையம். இடைவெளி. இன்னொரு வளையம். பிறகு பல்லின் வேரில் ஒரு கூச்சம். இடைவெளி. அதே அளவு இடைவெளி. இப்போது அவளுக்கும் கேட்டது. ஒற்றைச் சத்தம், சுத்தமானது, எந்தத் திசையிலிருந்தும் வராதது. தெருவில் நாய்கள் ஒரே நேரத்தில் வாயடைத்தன. இடைவெளி. மேலே ஏறியது. கண்ணாடியில் ஒரு கீறல் ஓடியது.

பதில் வராததால் கூட்டுகிறார்கள்.

யாரோ. எல்லாவற்றுக்கும் வெளியே. இவளைப் போலவே உட்கார்ந்து, இவளுக்கு இருக்கும் அதே பொறுமையோடு.

உள்ளே ஓடினாள். பொத்தானைப் பிடுங்கி அழுத்தினாள்.

குறைந்தது.

மீண்டும் வந்தது. அழுத்தினாள். இன்னும் குறைந்தது. சிட்டுவின் விரல் அசையவில்லை. பிள்ளை பல நாளுக்குப் பிறகு அதை நீட்டி மடக்கிப் பார்த்தது.

"இப்பக் கேக்கலம்மா."

"சரிடா. எதிர்த்த மருந்துக்கடை அக்காகிட்டப் போய் உக்காரு. அம்மா வர்ற வரைக்கும் அங்கேயே இரு."

"நீ?"

"இத முடிச்சிட்டு வரேன். ரோட்டப் பாத்துத் தாண்டு."

சின்னச் செருப்புச் சத்தம் நடைவழியில் தேய்ந்து நின்றது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் பிள்ளைக்காகவும் ஊரார் பிள்ளைகளுக்காகவும் ஒருவர் இத்தனை காலம் சொல்லாமல் அழுத்திக்கொண்டிருந்தார். பதிலுக்கு இவள் ஒரு சீட்டுதான் எழுதித் தந்திருந்தாள். 'ஐயா, இனி நான் பாத்துக்கறேன்' என்று மனதுக்குள் சொன்னாள். வெளியே ஆளில்லாத மேசைமேல் பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

சத்தம் இறங்கியது. மூச்சின் அளவு. முடி விழும் அளவு. லாரிக்காரரின் காது மந்தம், கொஞ்சம் இறங்கியதுமே கேட்காது, மறுபடி ஏறும். அதனால்தான் அவரிடம் இது வருஷக்கணக்கில் இழுத்தது. சிட்டுவோ தூக்கக் கலக்கத்தில் பாதியைத் தவறவிட்டிருப்பாள். இவள் காது கூர்மை. இதற்குக் கீழே இனி ஒரு படிதான் இருக்கும். அழுத்தாவிட்டால் ஏறும், மருந்துக்கடையில் பிள்ளை காதைப் பொத்தும். அழுத்தினால் சோதனை முடியும்.

முடிந்தால், பரிசோதிப்பவர் எழுந்து வருவார்.

கேட்டது. மிக மிக மெல்ல.

அழுத்தினாள்.

கதவே இல்லாத எதிர்ச்சுவரில், பஞ்சைப் பிளந்துகொண்டு, மேலிருந்து கீழாக நேராக ஒரு கோடு விழுந்தது. கோடு அகன்றது. அதன் விளிம்பைப் பிடித்து, உள்ளே இருப்பவர் பயந்துவிடக் கூடாதே என்பது போல அவ்வளவு மெதுவாக, விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன, வந்துகொண்டே இருந்தன.