பதினான்கு மணி நேரத் தூரம்

“எங்கட்டி உன் தம்பி? காது குத்துக்கு ரெண்டு மணி நேரந்தான் இருக்கு. தாய்மாமன் மடி இல்லாம பிள்ளைய எங்க உக்கார வைக்க?”

மாமியார் தங்கத்தாயின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. ஆனந்தவள்ளி காபித் தட்டோடு நின்றாள். தென்காசி வீடு நிறைய விருந்தாளிகள்.

தம்பி தேவா ஆக்லாந்தில் வேலை பார்க்கிறான். அப்பா இறந்த வருஷம் அவள் கல்லூரியை விட்டுவிட்டு, பாவூர்சத்திரத்தில் வேலைக்குப் போய் அவனைப் படிக்கவைத்தாள். மகள் இசக்கிச்செல்விக்கு அவன் மடியில் காது குத்த வேண்டும். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

விடிகாலையில் சிங்கப்பூரிலிருந்து பேசினான். “அக்கா, திருவனந்தபுரத்துல எறங்கவே பன்னெண்டு ஆயிரும். இலஞ்சி கோவிலுக்கு வர நாலு மணியாவது ஆகும்...” ஆனந்தவள்ளி இப்போது அதைச் சொன்னதும் தங்கத்தாய் கொதித்தாள்.

“பதினோராயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம்! எம் மவன் சங்கிலி போன்ல எனக்குக் காட்டுனாம்லா? அத வச்சுத்தான் காலைல நேரம் குறிச்சேன். உன் தம்பிக்கு வர மனசில்ல! உங்க பெரியப்பா மவன் மணிமுத்து மடில உக்கார வச்சிருவோம்.”

ஆனந்தவள்ளியின் கண்கள் நிறைந்தன. அது ஒரே விமானத்தில் நேராகப் பறந்தால் ஆகும் நேரம். அப்படி ஒரு விமானமே கிடையாது. சிங்கப்பூரில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் ஏற வேண்டும். ஒரு மாதம் முன்பே கணவன் சங்கிலிப்பாண்டியிடம் சொல்லியிருந்தாள். இப்போது அதைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் அவனுக்குத்தான் அவமானம்.

“தப்பு என்னோடதுதான் அத்தை...”

வேட்டியைச் சரிசெய்தபடி வந்த சங்கிலிப்பாண்டி அவள் முகத்தைப் பார்த்தான்.

“அம்மா, அவ அன்னைக்கே சொன்னா. நாந்தான் உனக்கு என்ன தெரியும்னு வாய அடச்சேன். பத்திரிகை அடிச்ச பொறவு உங்கிட்டச் சொல்லப் பயம்...”

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

“ஏலே, பொண்டாட்டி முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டியா? போலீஸ்காரனாம், போலீஸ்காரன்!”

தங்கத்தாய் சுவர்க் காலண்டரிடம் போனாள். திரும்பியபோது குரல் மாறியிருந்தது.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. சாயங்காலம் நாலே முக்காலுக்கு நல்ல நேரம் இருக்கு. சாப்பாடு முதல்ல, காது பொறவு. அதுவரைக்கும் குத்தாலத்துல போய்க் குளிச்சிட்டு வாங்க. தண்ணி நல்லா விழுதாம்.”

“சாப்பிட்டுட்டுக் கூட்டம் போயிட்டா என்ன செய்வ மதினி?” என்று சிரித்தார் ஒருவர்.

“போறவங்க போட்டும். பிள்ளைக்குக் காதும் மாமனும் இருந்தாப் போதும்.”

மருமகளின் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். “ஏன் வாயத் தொறக்கல? நான் அவ்வளவு மோசமாட்டி?”

“இல்ல அத்தை...” அவள் தோளில் சாய்ந்து அழுதாள் ஆனந்தவள்ளி.

நாலரைக்குத்தான் இலஞ்சி முருகன் கோவில் முன் கார் வந்து நின்றது. வீங்கிய கால்களோடு தேவா இறங்கினான். “அக்கா, லேட்டாயிட்டு...”

“பேசாத. மடியக் குடு” என்றாள் தங்கத்தாய்.

இதுவரை போனில் மட்டுமே பார்த்திருந்த மாமன் மடியில் குழந்தை அமைதியாக உட்கார்ந்தது. ஊசி பட்டதும் வீறிட்டது. தேவாவும் கூடவே அழுதான். யாரை முதலில் தேற்றுவது என்று ஆனந்தவள்ளிக்குத் தெரியவில்லை. சிரித்தபடி இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.