குழாயில் ஊற்றிய பொங்கல்

சாரங்கபாணியின் வயிறு நேற்றைவிட உயர்ந்திருந்தது. மகன் அச்யுதன் அதைக் கவனித்தும் கவனிக்காதவன்போல, ஐ.சி.யு.வின் மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதுகுக்குப் பின்னால் வெண்டிலேட்டர் அப்பாவின் நெஞ்சுக்குள் மூச்சைத் தள்ளித் தள்ளி எடுத்துக்கொண்டிருந்தது. மருந்து நெடிக்கு நடுவே பச்சைக் கற்பூரமும் நெய்யும் மணந்தன.

ஸ்ரீவைகுண்டத்துப் பௌதிகப் பேராசிரியரான அச்யுதனுக்கு, தன்னைத் தவிர எல்லோருக்கும் மூளை பாதிதான். குடல் அசையவில்லை, மூக்குக் குழாயில் எதையும் ஊற்றக்கூடாது, மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் ஈவாஞ்சலின் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நாசரேத்துக் கிறிஸ்தவப் பெண்ணுக்குப் பெருமாள் பிரசாதத்தின் அருமை என்ன தெரியும் என்று அவன் உதட்டைப் பிதுக்கினான். அப்பாவைப் பட்டினி போட்டே கொல்கிறார்களாம். கோயில் சர்க்கரைப் பொங்கலை வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, பார்வை நேரத்தில் யாரும் பார்க்காதபோது அந்த மேதாவி குழாயில் ஊற்றிவந்தான். நேற்றும் ஊற்றினான்.

ஈவாஞ்சலின் வந்து வயிற்றைத் தொட்டாள். குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி இழுத்தாள். பழுப்பாக ஏறியது. அதில் முழுசு முழுசாகச் சோற்றுப் பருக்கைகள். ஆவி பறந்தது.

"யாரு சார் இத ஊத்துனது?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க ஆளுங்களைப் போய்க் கேளுங்கோ."

அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். வடிகட்டிய பொங்கலில் பருக்கை ஏது? அச்யுதன் கட்டிலருகே வந்தான். அப்போதுதான் அப்பாவின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. குனிந்து காதை வைத்தான். குடல் ஓடுகிறது! இதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத கூட்டம் என்று இளக்காரமாகச் சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

அது ஓடும் சத்தம் இல்லை. மெல்லும் சத்தம். நிதானமாக. ரசித்து.

அப்பாவின் வாய் வெண்டிலேட்டர் குழாயைக் கவ்வியபடி அசையாமல் கிடந்தது.

மெல்லுவது நின்றது. ஒரு விழுங்கல்.

தலையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. காதுக்கடியில் தோல் நனைந்தது. சூடு. சொரசொரப்பாக ஒரு நாக்கு.

"சிஸ்டர்..."

வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்கியது. காது மடலைப் பற்கள் கவ்வின. பதம் பார்த்தன.

பிறகு வயிறு வாயை நன்றாகத் திறந்தது.